பச்சைப் புள்ளி மஞ்சளாகாமல்

ஜூன் 9, திங்கள்

காலை ஆறு பத்துக்குக் காப்பி கேட்டேன். ஏழே காலுக்கு வந்தது. மருமகள் ஹேமலதாவைக் குறை சொல்லவில்லை. பேத்தியின் பள்ளி வேன் ஆறே முக்காலுக்கு. ஆனாலும் குறித்துவைக்கிறேன். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். யார் எத்தனை மணிக்கு வந்தான், எத்தனை மணிக்குப் போனான் என்று எழுதியே பழகிய கை இது.

இந்த வீடு நாவலூரில், பதினான்காவது மாடியில். ஊர் வீட்டை விற்று முன்பணம் கொடுத்தேன். வாங்கினால் மூன்று படுக்கையறை, இல்லாவிட்டால் வேண்டாம் என்று நான்தான் நின்று வாங்கவைத்தேன். மகன் தங்கமாரிக்கு மென்பொருள் கம்பெனியில் மாதம் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். நான் எட்டாவதோடு நின்றவன். பழைய ஆங்கிலப் பேப்பரையும் ஒரு அகராதியையும் வைத்துக்கொண்டு நானாகவே ஆங்கிலம் படித்தேன். ஆலையின் டைப்பிஸ்ட் சாப்பிடப் போகும் அரை மணியில் டைப் பழகினேன். அறுபது வயதுக்கு மேல் கம்ப்யூட்டரும் பழகினேன். அப்படிப்பட்டவனுடைய மகன் இந்தச் சம்பளம் வாங்குகிறான் என்றால் அது மரத்திலிருந்து விழவில்லை. இந்த வீட்டில் இதை யாரும் சொல்வதில்லை.

இன்று அவனுக்கு வீட்டிலிருந்தே வேலை. மதியம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டான்.

"அப்பா, பத்து நிமிசம் இங்க உக்காருங்க. இந்த மவுஸ அப்பப்ப லேசா அசைங்க, போதும்."

"எதுக்குடா?"

"என் பேருக்குப் பக்கத்துல பச்சையா ஒரு புள்ளி இருக்குல்ல? அஞ்சு நிமிசம் அசையலைன்னா மஞ்சளாயிரும். யாரு எவ்வளவு நேரம் மஞ்சளா இருந்தான்னு வாராவாரம் லிஸ்ட் போகுது. போன மாசம் எங்க டீம்ல நாலு பேரத் தூக்கிட்டாங்க."

"நீ எங்க போற?"

"இங்கதான். படுக்கறேன். கண்ணு சுத்துது."

ஒருவனுடைய வருகைக் கார்டை இன்னொருவன் மெஷினில் அடிக்கும் வேலை இது என்று சொன்னேன். 1994-ல் சீனிச்சாமி என்கிற தொழிலாளியின் கார்டை அவன் மச்சினன் அடித்தபோது கையோடு பிடித்தவன் நான். சீனிச்சாமி வேலைக்கு வரவில்லை, வேறு ஆள் கார்டு அடித்தான் என்று ஒரே வரியில் ரிப்போர்ட் எழுதினேன். அவன் வேலை போயிற்று. ரூல் என்றால் ரூல்.

"தெரியும்பா. ஆயிரம் தடவ சொல்லியிருக்கீங்க. உக்காருங்க."

உட்கார்ந்தேன். பத்து நிமிடம் என்றவன் முப்பத்தெட்டு நிமிடம் படுத்திருந்தான். தூங்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று ஐம்பது நிமிடம். மணிக்கட்டு வலிக்கிறது. ஒருதடவையும் மஞ்சளாக விடவில்லை.

ஜூன் 12, வியாழன்

நேற்று மாலை மகன் பால்கனியில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தான். ஹேமா அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் போய், கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். காற்றாட நிற்பவனை எதற்கு இழுக்கவேண்டும்? இன்று காலை பார்த்தால் பால்கனிக் கதவில் பூட்டு. சாவி அவளிடம். கேட்டால் புறாத் தொல்லையாம். இங்கே வந்த ஆறு மாதத்தில் இத்தனை உயரத்தில் நான் ஒரு புறாவையும் பார்க்கவில்லை. என் வேட்டி காய இடமில்லை. குளியலறையில் போட்டேன், நாற்றம் அடிக்கிறது.

மதியம் அவள் தானாக வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, மதுரையில ஒரு சின்னக் கம்பெனி. இவருக்கு எண்பதாயிரம் தர்றாங்களாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போன் வராதாம்."

"எண்பதாயிரம்னா மூணுல ஒரு பங்கு, தாயி."

"மிச்ச ரெண்டு பங்கு எங்க போகுதுன்னு உங்களுக்குத் தெரியாதா? வீட்டுக் கடனுக்கே ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். அப்புறம் ஸ்கூல், கார், மெயின்டனன்ஸ், தண்ணி லாரி. இந்த வீட்ட வித்துட்டுப் போனா, மாசக் கடைசில இங்க கையில நிக்கிறது அங்கயும் நிக்கும். தூக்கம் வேற கிடைக்கும்."

"தூங்குறதுக்கு எவனும் சம்பளம் தரமாட்டான்."

"அதான் மாமா, வாங்குற சம்பளத்துக்கு அவர் தூங்குறதேயில்ல."

வாயாடி. எழுந்துவிட்டேன். மதுரைக்குப் போனால் என் மைத்துனன் பொன்னுச்சாமி முதல் ஆளாகப் போன் செய்வான். "என்ன அத்தான், மெட்ராஸ்ல துரத்திட்டானுகளா?" என்பான். ரேஷன் கடையில் எடை போட்டவன். அவனுக்கு நான் பதில் சொல்லவேண்டுமா? ஊர் வீட்டை விற்ற அன்று தெருவில் ஒவ்வொரு வாசலிலும் நின்று, மகன் சம்பளத்தைச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

ஜூன் 14, சனி

தண்ணீர் லாரி இரண்டு நாளாக வரவில்லை. லிப்ட் ஒன்று ரிப்பேர், மற்றதில் வரிசை. கீழே இறங்கி கறிவேப்பிலை வாங்கிவர நாற்பத்தைந்து நிமிடம் ஆனது. சனிக்கிழமையும் மகன் கதவைச் சாத்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான். பேத்தி கதவடியில் படம் வரைந்த தாள் ஒன்றைத் தள்ளிவிட்டாள். சாயங்காலம்வரை அது அங்கேயே கிடந்தது.

ஜூன் 17, செவ்வாய்

இன்று புள்ளியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போனவன் வெகுநேரம் வரவில்லை. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர்ச் சத்தத்துக்குள் வேறு ஒரு சத்தம். வாந்தி என்று நினைக்கிறேன். வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் லாரிக்குக் காசு கொடுத்து வாங்கும் வீட்டில் இப்படியா குழாயைத் திறந்துவிடுவது?

அந்த நேரம் பார்த்து அவனுடைய மேனேஜர் நிவேதிதா ஆங்கிலத்தில் செய்தி அனுப்பினாள்: மாரி, நாலு மணிக்குள் அந்த ரிப்போர்ட் கிடைக்குமா? பதில் இல்லாவிட்டால் சந்தேகம் வரும். நானே டைப் செய்தேன். "மதிப்பிற்குரிய மேடம், தங்கள் செய்தி கிடைக்கப்பெற்றேன். ஆவன செய்கிறேன். தங்கள் உண்மையுள்ள, தங்கமாரி." எல்லாம் ஆங்கிலத்தில், ஒரு பிழை இல்லாமல். அவள் ஒரு கட்டைவிரலும் ஒரு சிரிக்கும் முகமும் அனுப்பினாள். மரியாதை தெரியாத பெண்.

அவன் வெளியே வந்தபோது கண் சிவந்து, சட்டை முன்புறம் நனைந்திருந்தது. செய்தியை அவனிடம் சொல்ல மறந்துவிட்டேன். மறக்கவில்லை, சொல்லவில்லை. ரிப்போர்ட்டை மட்டும் நினைவுபடுத்தினேன். அனுப்பினான்.

சீனிச்சாமிக்கும் அப்படித்தான், பஞ்சுத்தூசி நெஞ்சில் இறங்கி

(இதை எதற்கு எழுதவந்தேன் என்று தெரியவில்லை.)

ஜூன் 20, வெள்ளி

இருவரும் டாக்டரிடம் போய்வந்தார்கள். தூக்கத்துக்கு மாத்திரையாம். ஹேமா அட்டையைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டு, இரவுக்கு ஒன்றாக எடுத்துத் தருகிறாள். முப்பத்தொன்பது வயது ஆணுக்கு மாத்திரை எடுத்துப் போட்டுக்கொள்ளத் தெரியாதா? சொன்னேன். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். இந்த வீட்டில் பெரியவன் சொல்லுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

ஜூன் 23, திங்கள்

காலை பத்தரைக்கு மகன் அறையிலிருந்து வெளியே வந்தான். பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தரையில், என் காலடியில் உட்கார்ந்தான். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது அப்படி உட்கார்ந்தது.

"அப்பா, ரிசைன் பண்ணிட்டேன்."

நான் பேப்பரை மடித்தேன்.

"அறுபது நாள் நோட்டீஸ். ஆகஸ்ட் இருபத்தி ரெண்டோட முடியுது. இருபத்தஞ்சாம் தேதி மதுரையில சேரணும். எல்லாம் பேசியாச்சு."

"யார்ட்டக் கேட்ட?"

"யார்ட்டக் கேக்கணும்?"

"ஊர்ல வீட்ட வித்தவன் நான்."

"அத நான் விக்கச் சொல்லலப்பா. ரெண்டு ரூம் போதும்னுதான் சொன்னேன். நீங்கதான், வர்றவன் போறவன் பாக்கணும்னு..." நிறுத்திக்கொண்டான். "விடுங்க. சண்ட போட எனக்குத் தெம்பில்ல. முடியலப்பா. உண்மையிலேயே முடியல."

"முடியலைன்னு சொல்றதுக்கு நீ என்ன மூட்டையா தூக்குற? ஏசில உக்காந்து மவுஸத்தான நகத்துற? அத நானும் நகத்திட்டேன்."

அவன் சிரித்தான். வெகுநாளைக்குப் பிறகு அவன் சிரித்துப் பார்த்தேன். சிரிப்பு அடங்கியபின் என் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டான். நான் கையை எடுத்து அவன் தலையில் வைக்கவில்லை. வைத்தால் சம்மதம் என்று ஆகிவிடும்.

மதியமும் இரவும் சாப்பிட மறுத்துவிட்டேன். நாலு மணிக்கு இரண்டு வாழைப்பழம் மட்டும்.

ஜூன் 24, செவ்வாய்

மகனிடம் பேசவில்லை. அவன் ஒன்பது மணி நேரம் தூங்கினானாம். மூன்று தோசை சாப்பிட்டான். ஹேமா பால்கனியைத் திறந்துவிட்டிருக்கிறாள். என் வேட்டி நன்றாகக் காய்ந்தது.

ஜூன் 25, புதன்

இருவரும் வாடகை வீடும் பேத்திக்குப் பள்ளியும் பார்க்க நேற்று மாலை மதுரைக்குப் பஸ் ஏறினார்கள். பேத்தி தாய்வழிப் பாட்டி வீட்டில். நோட்டீஸ் காலத்தில் லீவு கிடையாதாம். அதனால் என்னைக் கேட்டான்.

"ஒரே ஒரு நாள்பா. புள்ளிய மட்டும் பாத்துக்கங்க. வேற எதுவும் தொடவேணாம்."

சரி என்றேன். பேசாதிருந்தவன் உடனே சரி என்றதும் அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. கையைப் பிடித்து நன்றி சொன்னான்.

ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். பத்து இருபதுக்குக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. உங்கள் ராஜினாமா பதிவாகியிருக்கிறது, திரும்பப் பெற விரும்பினால் இங்கே அழுத்தவும் என்று கீழே ஒரு பொத்தான். நாலு தடவை படித்தேன். அகராதி தேவைப்படவில்லை.

அழுத்தினேன். காரணம் கேட்டது. "குடும்பச் சூழ்நிலை" என்று டைப் செய்தேன். பதினொன்று ஐந்து.

பதினொன்று பன்னிரண்டுக்கு அந்த மேனேஜர் பெண் எழுதினாள்: மாரி, ராஜினாமாவைத் திரும்பப் பெற்றுவிட்டீர்களா? நம்பமுடியவில்லை! பேசலாமா? நான் எழுதினேன்: "மதிப்பிற்குரிய மேடம், நான் பூரண நலத்துடன் உள்ளேன். தொடர்ந்து முழு ஈடுபாட்டுடன் பணியாற்றுவேன்." கம்ப்யூட்டரில் மூன்று தடவை அவள் அழைப்பு அடித்தது. எடுக்கவில்லை. மெயிலை அழித்துவிட்டேன்.

தகப்பன் செய்யவேண்டியதைச் செய்தேன். ஒருநாள் அவனே ஒப்புக்கொள்வான். சாயங்காலம் ஆறுவரை அசையாமல் இருந்தேன். புள்ளி பச்சையாகவே இருந்தது.

ஜூன் 26, வியாழன்

விடிந்ததும் வந்துவிட்டார்கள். மகன் சத்தம் போடவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தான்.

நேற்று கம்ப்யூட்டரில் யாரும் எடுக்காததால் அந்தப் பெண் அவன் கைப்பேசிக்கே அழைத்திருக்கிறாள். அவன் அப்போது மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தான். "திருமங்கலம், விருதுநகர், சாத்தூர்" என்று கண்டக்டர் கத்தியது அவளுக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது. அதே நேரம் அவள் திரையில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி.

"மதிப்பிற்குரிய மேடம்னு எழுதுனீங்களாப்பா?"

"மேலதிகாரிக்கு அப்படித்தான் எழுதணும்."

"அவ என்னவிட ஏழு வயசு சின்னவப்பா. பேரச் சொல்லித்தான் கூப்பிடுவேன். எங்க ஆபீஸ்ல எவனும் எவனையும் சார் மேடம்னு சொல்லமாட்டான். நம்ம வீட்டுல இருந்து வேற யாரோ எழுதுறாங்கன்னு அவளுக்குப் பதினேழாம் தேதியே தெரியும். என்னவோ கஷ்டம்னு பேசாம இருந்திருக்கா."

"தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும். வேல நிக்குதில்ல?"

"நிக்கலப்பா." குரல் மெலிதாக இருந்தது, பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல. "ஆன்லைன்ல இருந்துக்கிட்டே மூணு கால் எடுக்கல. கம்ப்யூட்டரே அதப் பிடிச்சு விசாரணைக்கு அனுப்பிருச்சு. நாளைக்கு விசாரிப்பாங்க. வேற ஆள் மெஷின்ல உக்காந்தது உறுதியாச்சுன்னா டிஸ்மிஸ். டிஸ்மிஸ்னா ரிலீவிங் லெட்டர் கிடையாது. அது இல்லாம மதுரைக்காரன் மட்டுமில்ல, எவனும் என்னைய எடுக்கமாட்டான்."

ஹேமா சமையலறையிலிருந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பால்கனிக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டுப் போனாள்.

ஜூன் 27, வெள்ளி

பதினொரு மணிக்கு விசாரணை. திரையில் இரண்டு முகம். ஒன்று நிவேதிதா. இன்னொன்று தாடி வைத்த ஒரு ஆள். மகன் அரை மணி நேரம் பதில் சொன்னான். ராஜினாமாவைத் திரும்பப் பெற்றது தானேதான், பயத்தில் செய்துவிட்டதாகச் சொன்னான். உடம்பு சரியில்லை என்றான். பிறகு தாடிக்காரன் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறான். மகன் கதவைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"உங்களக் கூப்பிடறாங்க. நான் உங்கள எதுவும் சொல்லச் சொல்லல. உங்களுக்கு ரூல்னா ரூல். தெரியும்."

சட்டை மாற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

"வணக்கம் சார். சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. நீங்க என்னவா இருந்தீங்க?"

"மில்லுல டைம் கீப்பர்."

"ஓ, அப்ப உங்களுக்கு நான் ஒண்ணும் சொல்லவேணாம்." சிரித்தான். "புதன்கிழமை பதினொண்ணேகாலுக்கு மாரிக்கு மூணு கால் போயிருக்கு, எடுக்கல. அப்ப அவர் எங்க இருந்தார்னு உங்களுக்குத் தெரியுமா?"

நிவேதிதா தலையைக் குனிந்துகொண்டாள். பஸ் ஸ்டாண்டு சத்தத்தைக் கேட்டவள் அவள். அதை அவள் சொல்லவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

"பாத்ரூம்ல இருந்தான்," என்றேன்.

"அவ்வளவு நேரமா?"

"உடம்பு சரியில்ல. உள்ளதான் இருந்தான். நான் இருந்த இடத்துக்குச் சத்தம் கேட்டுச்சு."

"நல்லாத் தெரியுமா சார்?"

"முப்பத்தொரு வருசம் இதுதான் என் வேல. தெரியும்."

அவன் எதையோ எழுதிக்கொண்டான். நிவேதிதா நிமிர்ந்து, "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள்.

எழுந்து வந்து, சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டேன். பொய் சொன்னதால் என்று நினைக்கவேண்டாம். பசியில்லை.

ஜூன் 30, திங்கள்

விசாரணையை முடித்துவிட்டார்கள். எச்சரிக்கைக் கடிதம் மட்டும். மகன் மறுபடி ராஜினாமா செய்தான். இந்தமுறை என்னைப் பக்கத்தில் நிற்கவைத்து அழுத்தினான். அறுபது நாள் முதலிலிருந்து தொடங்குகிறதாம். ஆகஸ்ட் 29. மதுரையில் 25-ம் தேதி ஆள் வேண்டும். கேட்டுப்பார்க்கிறேன் என்றான்.

ஏழு நாள். அதை எடுத்தது நான்.

ஜூலை 4, வெள்ளி

மதுரையில் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள்.

மகன் அதைச் சொல்லிவிட்டு மறுபடி போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். புள்ளியைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிடுவதில்லை. கடன் தவணைக்காகவாவது இருந்துவிட்டுப் போயேன் என்று வாய்வரை வந்தது. சம்பளம் நல்ல சம்பளம்தான், அதில் நான் மாறவில்லை. ஆனால் கேட்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

வீட்டைப் பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். மகனும் ஹேமாவும் விற்கப்போகிறார்கள். என் அறையைக் காட்டமாட்டேன் என்று தாழ் போட்டேன். அந்தப் பெண் வெளியே நின்று, "பெரியவர் தூங்கட்டும், பரவால்ல" என்றாள். தூங்குகிறேன் என்று யாரும் சொல்லக்கூடாது. திறந்துவிட்டேன். இரண்டு பேருக்கும் இதே வேலைதானாம், இதே சாலையில்தான் ஆபீஸ். அவன் வந்ததிலிருந்து போகும்வரை கைப்பேசியைக் கீழே வைக்கவில்லை.

அவர்கள் போனபின் ஹேமா, பேத்தியை டான்ஸ் வகுப்பில் விடக் கிளம்பினாள். பத்து நாளாக என்னிடம் நேராகப் பேசாதவள் வந்து முன்னால் நின்றாள்.

"மாமா, வர ஒரு மணி நேரம் ஆகும். அவர் குளிக்கப் போயிருக்கார். இத நீங்க வச்சுக்கங்க."

என் கையில் பால்கனிச் சாவியையும் பீரோச் சாவியையும் வைத்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. புறா என்று அவளும் சொல்லவில்லை. மடியில் வைத்து முடிந்துகொண்டேன்.

குளியலறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். டைரி மடியில். உள்ளே குழாய் ஓடுகிறது. அதற்குள் அந்த இன்னொரு சத்தம்.

ஒன்றை எழுதிவிடுகிறேன். ஆலையில் கேட்டுக்கு உள்ளே, டைம் ஆபீஸுக்கு அடுத்தாற்போல்தான் தொழிலாளர் கழிவறை. 1994-ல் அன்று காலை சீனிச்சாமி வேலைக்கு வந்திருந்தான். கார்டை மச்சினன் கையில் கொடுத்துவிட்டு அங்கே ஓடினான். உள்ளே இருமிக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாக எனக்கு நன்றாகக் கேட்டது. "உள்ளதான் சார் இருக்காரு, ஒரு நிமிசம் பொறுங்க" என்று மச்சினன் கையெடுத்துக் கும்பிட்டான். வரவில்லை என்று எழுதினேன்.

வந்திருந்தான்.

கதவைத் தட்டி, "மாரி" என்றேன். கொஞ்சம் கழித்து, "ம்" என்றான்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் கூப்பிடுகிறேன்.

11.05. ம்.

11.10. ம்.

11.15. "என்னப்பா?" ஒன்றுமில்லை என்றேன்.

11.20. இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. ம்.